செவ்வாய்க்கிழமைக்கு இடைக்காலத் தடை

மாவட்ட நீதிபதி டோலரஸ் ஃபின்ச் செவ்வாய்க்கிழமைக்கு இடைக்காலத் தடை விதித்ததிலிருந்து அமெரிக்காவில் திங்களுக்கு மறுநாள் புதன் வந்துகொண்டிருந்தது. ஜனாதிபதி வில்லங்கமான உத்தரவுகளையெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில்தான் கையெழுத்திடுகிறார் என்று பதினான்கு மாநிலங்கள் வழக்குப் போட்டிருந்தன. ஒவ்வொரு உத்தரவாக எடுத்துத் தடை விதிப்பதற்குப் பதில் கிழமைக்கே விதித்துவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று நீதிபதி அம்மையார் கருதினார். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும் தெருக்களில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது.

அந்த வழக்கில் அரசுத் தரப்பில் ஆஜராகித் தோற்றவர் பூவராகன். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு வாஷிங்டனில் மத்திய அரசு வக்கீலாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு வழக்கில்கூட ஜெயித்ததில்லை. தோற்பதில் அவருக்கு ஒரு கைராசி இருந்தது. தான் ஃபைலைத் தொட்டாலே எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஹோட்டலில் விருந்துக்குச் சொல்லிவிடுகிறார்கள் என்று மனைவி குமுதவல்லியிடம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

செவ்வாய் வழக்கில் அவர் தோற்றது வாயைக் கொடுத்து. செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று நீதிபதி கேட்டார். நாட்டுக்கே பாதிப்பு என்று வேறு எந்த வக்கீலும் சொல்லியிருப்பார். பூவராகனுக்கோ பிறந்து வளர்ந்த வீட்டின் வழக்கம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் எதையும் ஆரம்பிப்பதில்லை, யுவர் ஆனர்."

நீதிபதி அதை அரசுத் தரப்பின் ஒப்புதலாகப் பதிவு செய்துகொண்டு தடை விதித்தார்.

கோடை முடியும்போதுதான் யாரோ சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஜனாதிபதித் தேர்தல் நவம்பரில், முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று நடக்க வேண்டும். செவ்வாய் இல்லையென்றால் தேர்தல் இல்லை. பதவிக்காலம் முடியும் ஜனவரி இருபதாம் தேதியும் அந்த முறை செவ்வாயில் விழுந்ததால் பதவிக்காலமும் முடியாது. அதுவரை நீதிமன்றத்தைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த ஜனாதிபதி மறுநாளிலிருந்து அதன் ஞானத்தைப் புகழ ஆரம்பித்தார். நன்றாகத் தோற்றதற்காகப் பூவராகனுக்குத் தன் கைப்பட நன்றிக் கடிதம் அனுப்பினார். அதற்கு ஃபிரேம் போடலாமா என்று பூவராகன் இரண்டு நாள் யோசித்தார்.

ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. பச்சை அட்டைக்குப் பதினேழு வருடம், குடியுரிமைக்கு ஐந்து வருடம் என்று காத்திருந்து வாங்கியது அந்த ஓட்டு. இதுதான் அவருக்கு முதல் ஜனாதிபதித் தேர்தல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டுமென்று சொந்தப் பெயரில் அதே நீதிபதியிடம் மனுப் போட்டார். மனுவை எதிர்த்து வாதாட அலுவலகம் அவரையே நியமித்தது. செவ்வாய் விவகாரம் முழுக்கத் தெரிந்த வக்கீல் அங்கே வேறு யாரும் இல்லை.

முதலில் மனுதாரர் மேஜையிலிருந்து எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் வரிசையில் நின்றேன், யுவர் ஆனர். ஒரு ஓட்டுப் போடத்தான். கவுன்டர் கிட்டே வந்ததும் கிழமை இல்லை என்கிறீர்கள்."

 உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து அரசு மேஜைக்குப் போய், செவ்வாயில் நல்ல காரியம் ஆரம்பிப்பதில்லை என்று தானே சொன்னதை எடுத்து வாசித்தார். சுமாராகத்தான் வாசித்தார்.

மனுதாரருக்குப் பாதிப்பு நிரூபணமாகிவிட்டது என்றார் நீதிபதி. ஆனால் கேட்டவருக்குத்தான் நிவாரணம் தர முடியும், கேட்காதவர்களுக்குத் தர தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, தேர்தலன்று செவ்வாயைப் பூவராகனுக்கு மட்டும் திருப்பித் தர உத்தரவிட்டார். அரசுத் தரப்பில் பூவராகன் வழக்கம்போல் தோற்றார்.

நவம்பரின் அந்த முதல் திங்கள் முடிந்ததும் எல்லோரும் புதனுக்குப் போய்விட்டார்கள். குமுதவல்லியும் போய்விட்டதால் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. நீதிமன்றம் ஒரே ஒரு தேர்தல் அதிகாரியைச் செவ்வாய்க்கு டெபுடேஷனில் அனுப்பியிருந்தது. வரிசையே இல்லை. பழக்க தோஷத்தில் பூவராகன் வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போனார். சீட்டில் குறியிட்டு, குறுக்கே ஒரு மடிப்பு மடித்துப் பெட்டியில் போட்டார். ஓட்டுப் போட்டவருக்குத் தரும் ஸ்டிக்கரை அதிகாரி அவர் சட்டையில் ஒட்டிவிட்டார். பூவராகனுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாக இருந்தது. யாருக்குப் போட்டார் என்று பிறகு மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை அந்த ஒற்றை வாக்கின் எண்ணிக்கை தொடங்கியது. இரு கட்சிகளும் ஆளுக்கு அறுபது வக்கீல்களை அனுப்பின. மடிப்பைப் பிரிப்பதா, யார் பிரிப்பது, எந்த விரலால் பிரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபணை. பதினோராவது நாள் சீட்டின் மேல் பாதி தெரிகிற அளவுக்குப் பிரித்திருந்தார்கள். அப்போது ஜனாதிபதி தரப்பு எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. செவ்வாய் விவகாரம் தெரிந்தவர் என்று வாதாடப் பூவராகனையே அனுப்பினார்கள்.

அவர் நிம்மதியாகவே போனார். தன் கைராசி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. காகிதங்களைக் கீழே போட்டார். எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பைத் தவறாமல் எடுத்துக் காட்டினார். ஒரு நீதிபதியின் பெயரைச் சொல்லி இன்னொருவரை அழைத்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்துவிட்டார்.

சக வக்கீல்கள் கட்டிக்கொண்டார்கள். பூவராகன் தன் ஷூவைப் பார்த்தபடி நின்றார். பிரித்திருந்த மேல் பாதியில் ஜனாதிபதியின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்கு எதிரே எந்தக் குறியும் இல்லை. ஆனால் அந்தப் பாதியில் போட்டியிட வேறு பெயரும் இல்லாததால், அரை வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதியே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தீர்ப்பின் கடைசிப் பத்தியைக் குமுதவல்லிக்கு வாசித்துக் காட்டினார். எண்ணாத கீழ்ப்பாதியைச் சீல் வைத்துப் பாதுகாத்து, நான்கு வருடம் கழித்து அடுத்த தேர்தலோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று அதில் இருந்தது. குமுதவல்லி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குடியுரிமைக்கு அவள் முறை வர இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

"அப்ப அடுத்த தடவ உங்களுக்கு ஒன்னரை ஓட்டு," என்றாள்.

பூவராகன் ஆமாம் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, அந்த அரை ஓட்டை அவள் பெயருக்கு மாற்றித் தரும்படி மனு எழுத உட்கார்ந்தார்.