இரண்டாவது ஆர்ம்

சேக் மைதீன் திருப்புளியோடு ரெக்கார்டு பிளேயருக்கு முன்னால் மண்டியிட்டபோதே பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. வெளியே சாரல் வலுத்துக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கிவிட்டால் ஐந்தருவிச் சாலையில் கரண்டை நம்ப முடியாது.

"சன்னலச் சாத்துங்க டாக்டரம்மா. கரண்ட் போறதுக்குள்ள ரெண்டு ஆர்மையும் போட்டுக் காட்டிருதேன். ஒண்ணு இங்கன, மத்தது இன்னைக்கே கடையநல்லூர் போவணும். அங்கன ஒரு ஆளு காத்துக் கெடக்காரு."

தங்கபுஷ்பம் சன்னலைச் சாத்தினாள். அவள் கணவர் முத்துக்குமாரசாமி, தென்காசியில் பல் டாக்டர், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். அவருடைய சீமை பிளேயரில் எல்லாம் உசத்தி, பிக்கப் ஆர்ம் மட்டும் பழசு. ஊசியைத் தாங்கி இசைத்தட்டின் மேல் நகரும் அந்தக் குழாய்க்குத்தான் இத்தனை பாடு. சில மாதங்களாக நல்ல நல்ல தட்டிலெல்லாம் கீறல். "தூசி தட்டுதேன்னு முந்தானையப் போட்டு இழுத்திருப்ப" என்று அவர் சொன்னதிலிருந்து அவள் பிளேயர் பக்கமே போவதில்லை. இன்றைக்குப் புது ஆர்ம் வந்து அந்தப் பழியைத் துடைத்தால் போதும் அவளுக்கு.

கொழும்பிலிருந்து வந்த இரண்டு ஆர்ம்களையும் தனித்தனிப் பலகையில் பொருத்திக் கொண்டுவந்திருந்தார் மைதீன். முதலாவது இறகு மாதிரி. ஊசி பட்டதும் பிடிலின் வில் நரம்பில் உரசுகிற கரகரப்புக்கூடக் கேட்டது. தங்கபுஷ்பத்துக்கு மேல் சிலிர்த்தது. இரண்டாவதைப் போட்டபோது அதே பிடிலுக்குச் சளி பிடித்திருந்தது.

"இதுல லீவர் ஒண்ணுதான் விசேஷம்" என்றார் மைதீன். "தாழ்த்துனா ஊசி தானா மெதுவா இறங்கும். புள்ளைக கெடக்க வீட்டுக்கு ஆகும். காது உள்ளவங்களுக்கு முதலுதான் டாக்டரய்யா."

"ரெண்டாவதே இருக்கட்டும்."

"உங்க காதுக்கு என்ன வந்துட்டு?" என்றாள் தங்கபுஷ்பம். "கீறுன பழியும் எனக்கு, சளி பிடிச்ச பிடிலும் எனக்கா?"

மைதீன் சிரித்தபடி முதலாவதை மறுபடி மாட்டினார். "நீங்க பேசி முடிங்க" என்று வெற்றிலையைத் துப்ப வாசலுக்குப் போனார்.

"நீங்களே ஒருதரம் வச்சுக் கேளுங்க."

"மைதீன் வரட்டும்."

"ஊசி வைக்கதுக்குக் கடையநல்லூர்ல இருந்தா ஆள் வரணும்?"

 அவர் எழுந்து போய், சுழல்கிற தட்டுக்கு மேல் ஆர்மைத் தூக்கினார். அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தங்கபுஷ்பம், ஊசி இறங்குமுன் சட்டென்று கை நீட்டி வால்யூமை அடியோடு குறைத்தாள். அறைக்குள் சத்தமே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளே ஆர்மை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"என்ன, கரண்ட் போயிட்டா?" என்றபடி மைதீன் உள்ளே வந்தார்.

"இல்ல பாய். ரெண்டாவதையே மாட்டிருங்க."

"ஏம்மா, இப்பத்தான வேண்டாம்னீய?"

"எனக்குத்தான் பாய். பிளேட்டயெல்லாம் கீறுனது நாந்தான். நிதானமில்லாத கை. லீவர் இருந்தா எனக்கு வாகா இருக்கும்."

ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவர் தன் வாயைத் திறக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நல்ல சாமானைத் தள்ளிவிடுதீய" என்று முணுமுணுத்துக்கொண்டே மைதீன் மாட்டி முடித்தார். முதலாவது ஆர்மை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியவர், குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தங்கபுஷ்பம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தட்டைச் சுழல விட்டு, வால்யூமைக் கூட்டினாள்.

"வைங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"இங்கன நான் மட்டுந்தான இருக்கேன். வைங்க."

முத்துக்குமாரசாமி வலது கையை நீட்டினார். தென்காசியில் பாதிப் பேர் வாய்க்குள் குறடோடு போய் வந்த கை அது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெடவெடவென்று நடுங்கியது. இடது கையால் அதைப் பற்றிக்கொண்டார், அப்போதும் நிற்கவில்லை. லீவரைத் தொட்டதும் அதுவும் கூடவே நடுங்கியது.

மறுமுனையில் ஊசி, ஓர் ஆட்டமும் இல்லாமல், மெதுவாகத் தட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.