ஒன்று இருபது பஸ்

நூற்று முப்பத்தெட்டுப் பேர். பி.காம். இரண்டு பிரிவையும் ஒரே செமினார் ஹாலில் அடைத்து, கடைசி மணி நேரத்தில் புள்ளியியல் நடத்தச் சொன்னால் யாருக்குத்தான் தொண்டை வற்றாது? ஆறு வருடமாக பாஸிலா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அலுக்கவில்லை. அந்தப் பாடம் என்றால் அவளுக்கு உயிர்.

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது மேடம்!" என்று ஹால் அதிரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் மோசம் போனாள். இந்த வருடம் முதல் தேர்வில் தொண்ணூற்றொரு பேர் ஃபெயில்.

துறைத்தலைவர் ராயப்பராஜ் சத்தம் போடுகிறவர் இல்லை. "அடுத்த டெஸ்ட்டும் இப்படின்னா, இந்தப் பேப்பரை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதாயிரும்மா," என்று மட்டும் சொன்னார். பாஸிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு அவள் போடாத வித்தை இல்லை. மைக் வைத்தாள்; அவளைவிட அது அதிகமாகக் கத்தியது. திரையில் படம் போட்டாள். விளக்கை அணைத்ததும் பாதி ஹால் தூங்கியது. ஐந்தைந்து பேராகப் பேசவிட்டாள். அந்த இரைச்சலில் திண்டுக்கல் சந்தையே தோற்றது. என்ன செய்தும் கடைசியில் அதே "புரிஞ்சுது மேடம்!" ஒரு கை உயராது. சரியான கல்லுளிமங்கன்கள் என்று மனதுக்குள் திட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை வருகைப்பதிவேட்டை மூடி வைத்தாள். எல்லா நம்பரையும் கூப்பிட்டு முடிப்பதற்கே பன்னிரண்டு நிமிடம் போய்விடும்.

"இனிமே துண்டுச் சீட்டுதான் அட்டண்டன்ஸ். பேரை எழுதி, ஏன் டவுட்டே கேக்க மாட்டேங்கிறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. யாரையும் திட்ட மாட்டேன்."

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் சீட்டுகளைப் புரட்டினாள். கூச்சம். மத்தவங்க சிரிப்பாங்க. பசி மேடம். சிரித்துக்கொண்டே வந்தவள், தாடிக்கொம்பிலிருந்து வரும் முனீஸ்வரியின் சீட்டில் நின்றுவிட்டாள்.

"மேடம், புரிஞ்சுதான்னு கேக்கும்போதே நீங்க தோள்ல பை மாட்டியிருக்கீங்க. டவுட் கேட்டா உங்களுக்கு ஒன்னு இருபது பஸ் போயிரும். பாப்பா ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கும்ல? அதான் யாரும் கேக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

அந்த பஸ்ஸில் பாதிக்கூட்டம் அவளுடைய மாணவர்கள். பேகம்பூரில் மகளின் பள்ளி வாசலில் பஸ் நிற்கும் முன்பே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "சபிஹா, ரோட்டுக்கு வராத!" என்று அவள் கத்துவதைத் தினமும் பார்க்கிறவர்கள். அடுத்த பஸ் இரண்டு பத்துக்குத்தான். அவளுடைய எல்.கே.ஜி. பிள்ளைக்காக இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஃபெயிலாகியிருக்கிறார்கள். பாஸிலா அங்கேயே அழுதுவிட்டாள். இவர்களையா திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

தோல் கடையில் இருந்த கணவன் பைசலுக்கு போன் போட்டாள்.

"இனிமே பாப்பாவ நீங்க போய்க் கூப்பிடுங்க."

"இன்னைக்கா?"

"தினமும்."

"கடைல ஆளு வேணாமா?"

"அரை மணி நேரம் பூட்டி வைங்க. இங்க நூத்தி முப்பத்தெட்டுப் பிள்ளைங்க நிக்குதுங்க."

அன்று பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கே பாடத்தை நிறுத்தினாள். கைப்பையை மேசை டிராயரில் வைத்து மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கெல்லாம் புரியலை?"

எல்லாக் கண்களும் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின.

"பாப்பாவ அவ அத்தா கூப்பிடப் போறாரு. எனக்கு இன்னைக்கு ரெண்டு பத்து பஸ்தான்."

கடைசி பெஞ்சிலிருந்து பாண்டி எழுந்தான். "மேடம், இந்தச் சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம்?"

"ஏலே, அது முதல் வாரம் நடத்துனதுடா!"

"அப்பருந்தே புரியல மேடம்."

ஹால் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே இருபது கைகள் உயர்ந்தன. மணி அடித்தும் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. ஒன்று இருபது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது.

இரண்டாவது தேர்வில் முப்பத்து நான்கு பேர்தான் ஃபெயிலானார்கள். ராயப்பராஜ் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். பாடம் அவளுக்கே என்றார்.

"என்னம்மா மெத்தட் இது?"

"பைய டிராயர்ல வெச்சேன் சார்."

அவர் தன் மேசை டிராயரை ஒரு தடவை திறந்து பார்த்தார். பிறகு பலமாகத் தலையாட்டினார். "புரிஞ்சுதும்மா."

பாஸிலா கிளம்பவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க சார் புரியலை?"