ஹாஜியாரின் புளுகு

மஜீட் ஹாஜியார் பொய் சொல்லாத மனிதர். ஆனால் புளுகுவார். இரண்டும் வேறு வேறு என்பது அவருடைய எண்ணம். வரி அலுவலகம் அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் இப்போது மட்டக்களப்பு டவுணில் கஜானியின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வரித் தகராறுகளில் ஆட்களுக்காகப் பேசுவது கஜானியின் தொழில். இருக்கிற வருமானத்தை மறைத்துவிட்டு முழிக்கிற ஆட்களை அவள் நிறையக் கண்டிருக்கிறாள். இல்லாத வருமானத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு வந்து நிற்கிற ஆளை இன்றுதான் கண்டாள்.

"வாழைச்சேனையில ரெண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கன் எண்டு சொன்னீங்களாம். எங்க ஹாஜியார் அந்தக் கடைகள்?"

"கடையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல மகள். மாப்புள பகுதி ஆக்கள் எண்டு நினைச்சித்தான் சொன்னன்."

நடந்தது இதுதான். இந்தக் கரையில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மகளைக் கட்டிக்கொடுக்க முன்னம் தகப்பன் அவளுக்கு ஒரு வீடு கட்டி எழுதிவைக்க வேண்டும். ஏறாவூரில் இருக்கிற ஒரேயொரு ஹாட்வெயார் கடையை வைத்துக்கொண்டு ஹாஜியார் மூத்த மகள்கள் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். அவரும் மனைவியும் மூத்த மகளின் குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் சீவிக்கிறார்கள். கடைசி மகள் அம்னாவின் வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. அது நிற்கிற வளவு மட்டுந்தான் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது.

அம்னாவுக்கு ஓட்டமாவடியில் சம்பந்தம் பேசினார்கள்; மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. வெள்ளிக்கிழமை வீடு பார்க்க ஆள் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளைச் சட்டையோடு இரண்டு பேர் படலையைத் திறந்தார்கள். வந்தது வரி உத்தியோகத்தர் பஹ்மியும் உதவியாளரும். ஹாஜியார் அவர்களை வாய் திறக்கவிட்டால்தானே! இருத்தி, வட்டிலப்பம் கொடுத்து, இரண்டு பெண்களுக்குக் கொடுத்து ஓய்ந்துபோன தகப்பன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று கடைக்கு மேல் கடையாக அளந்து தள்ளினார். தவளை தன் வாயால் கெடும். ஒரு கிழமை பிந்தி உண்மையான மாப்பிள்ளை பகுதி ஆட்கள் வந்தபோதும் அதே கதையைத்தான் சொன்னார்.

கடைகளை வேறு யாருடைய பெயரிலோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று அலுவலகம் முடிவுகட்டியது. கேட்ட வரிக்கு அம்னாவின் வளவை விற்றாலும் காணாது. வீடு போனால் கலியாணமும் போகும்.

இல்லாத கடைக்கு உறுதிப் பத்திரம் தேட முடியாது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். கஜானி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதே கதையக் கேட்ட மாப்பிள்ளைட வாப்பா வந்து சாட்சி சொல்லணும்."

ஹாஜியாரின் முகம் வெளிறிப்போனது. "அந்தாளுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சிரும் மகள்."

"வராட்டி வீடு போயிரும். ரெண்டுல எதுக்கு நீங்க பயம்?"

அவர் பிசைந்துகொண்டிருந்த தொப்பியை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு, "கூப்பிடுங்க. அவள்ட வீடு நிக்கட்டும்" என்றார். மனிதன் அழாமல் அதைச் சொன்னது கஜானிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இந்த வழக்கில் தோற்கக் கூடாது என்ற வெறி அவளுக்கு அப்போதுதான் பிடித்தது.

மேன்முறையீட்டை விசாரிக்க மூத்த அதிகாரியான ஓர் அம்மா இருந்தார். கஜானி முதலில் பஹ்மியிடம் திரும்பினாள்.

"சேர், ஹாஜியார் உங்களிட்ட ஏதும் கேட்டாரா?"

பஹ்மி நேர்மையான ஆள். தயங்கினாலும் உள்ளதைச் சொன்னார். "தம்பி கத்தார்ல எவ்வளவு உழைக்கிறார் எண்டு கேட்டார்."

"உங்களுக்குக் கத்தார்ல தம்பி இருக்காரா?"

"ஓம், இருக்கார்."

கிழக்கில் யாருக்குத்தான் இல்லை.

"வேற என்ன கேட்டார்?"

"சிகரெட் குடிப்பாரா, கோவக்காரரா எண்டு கேட்டார்."

"நீங்க?"

"நல்ல பொடியன் எண்டு சொன்னன்." சொல்லும்போதே பஹ்மிக்கு விஷயம் விளங்கிவிட்டது. காது சிவந்து குனிந்துகொண்டார். அதிகாரி அம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார்.

கஜானி அடுத்ததாக அப்துல் கபூரை எழுப்பினாள். மாப்பிள்ளையின் வாப்பா. ஹாஜியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாழைச்சேனைக் கடைகளப் பத்தி உங்களிட்டயும் சொன்னாரா?"

"சொன்னார். நாங்க நம்பல்ல."

"ஏன்?"

"நான் வாழைச்சேனையில முப்பது வருசமா மீன் யாவாரம் செய்றன். அவர் சொன்ன இடத்துல மீன் வாடிதான் இருக்கு, கடை இல்ல. என்ட மகன்ட சம்பளத்த நாங்களும் கூட்டித்தான் சொன்னம். அதையும் அவர் நம்பியிருக்க மாட்டார். சம்பந்தம் பேசுற இடத்துல எல்லாரும் அப்பிடித்தானே, அம்மா."

அதிகாரி அம்மா இந்த முறை கைலேஞ்சியைத் தேடவில்லை, வாய்விட்டே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வரி மதிப்பீடு முழுவதும் நீக்கப்படுகிறது என்று தீர்ப்பைச் சொன்னார். பாதி குறைத்து இணங்கிப் போகச் சொன்ன தொழில் நண்பர்களை கஜானி மனதுக்குள் ஒரு பாட்டம் ஏசிக்கொண்டாள். சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை.

வெளியே வாவிக் காற்று அடித்தது. கபூர் ஹாஜியாரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மஜீட் காக்கா, வீடு எப்ப முடியும்?"

"வாற மாசம்..." என்று பழக்கதோசத்தில் தொடங்கிய ஹாஜியார் நிறுத்தினார். கபூரை நேரே பார்த்தார். "இல்ல. கூரைக்கு என்ட கையில காசு இல்ல. எப்ப முடியும் எண்டு எனக்கே தெரியா."

கபூர் தலையாட்டினார். "அப்ப கூரைய நாங்க போடுறம்."

பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி கூரை போட்டதாக ஏறாவூரிலும் யாரும் கேள்விப்பட்டதில்லை, ஓட்டமாவடியிலும் கேள்விப்பட்டதில்லை. ஹாஜியார் கபூரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே அழுதார்.