மங்கலுக்குள் போன கைகள்

அரைநாள் கொழுந்து பறித்துவிட்டுத் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்த பூரணி, வாசல் பீலியில் விழும் தண்ணீரில் கையைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள். விரல் நுனியில் ஏறியிருந்த கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மா எட்டிப் பார்த்து, வாசலில் நின்ற பூரணியின் தங்கை தனுஷிகாவிடம் கேட்டாள்.

"என்னடி தனு, அக்காள மறுபடி பொண்ணு பாக்க வர்றாங்களா, கம்பியூட்டர்ல?"

"சும்மா இருங்க அத்தை. இது ஆராய்ச்சி."

"ஆராயட்டும், ஆராயட்டும். சிவசாமி காதுக்கு எட்டாம பாத்துக்க."

பூரணிக்குக் காது கேட்காது. ஆனால் யார் உதட்டிலிருந்தும் புருஷன் பெயரைப் பிடித்துவிடுவாள். வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சிவசாமி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அவன் அழைக்கும்போதெல்லாம் தனுஷிகாதான் நடுவில். அவன் சொல்வதைக் கேட்டு அக்காவுக்குக் கையால் காட்டுவாள். அக்கா காட்டுவதை வாயால் சொல்வாள். அவர்கள் சண்டைகூட அவள் வழியாகத்தான் நடந்தது. சில வேளைகளில் சிவசாமி ஏதோ சொல்ல வந்து, "சரி, பரவால்ல தங்கச்சி" என்று நிறுத்திவிடுவான். அந்த இடத்தில் பூரணி தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தனுஷிகா வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஆராய்ச்சிக் குழு, காது கேளாதவர்கள் இன்னொருவர் உதவியில்லாமல் வீடியோவில் பேச ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தது. பேச்சை அது எழுத்தாக்கும், கைச்சைகையைப் பேச்சாக்கும். பூரணி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஆனால் அவள் சைகைகள் எந்தப் பள்ளியிலும் படித்தவை அல்ல, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான இந்த லயத்தில் பிறந்தவை. அவற்றைச் செயலிக்குப் பழக்க முடியுமா என்று இன்று பார்த்துவிட்டுத்தான் அவளைச் சேர்ப்பார்கள்.

கணினிக்கு முன்னால் உட்கார வந்த தனுஷிகா சுவரைப் பார்த்தாள். கரிபிடித்த சுவரின் மேல் அக்கா தன் கூறைச் சேலையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதற்கு மேலே ஒழுகும் தகரம், கொடியில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு. ஊர் கொட்டகலை என்று மட்டும்தான் குழுவில் சொல்லியிருந்தாள். அவர்கள் டவுனில் ஒரு வீட்டை நினைத்துக்கொண்டார்கள், அவளும் திருத்தவில்லை. அழைப்பு தொடங்கும் முன் வழக்கம்போல் பின்னணியை மங்கலாக்கினாள். சேலை ஒரு சிவப்புப் புகையாகக் கரைந்தது.

பூரணி கைகளால் பேசத் தொடங்கினாள். சிவசாமி என்றால் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்துவாள். கொழும்பு என்றால் இரண்டு கைகளையும் அகல விரித்து அலையாக அசைப்பாள். திரையில் அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. உயர்ந்த கையும் விரிந்த கைகளும் சிவப்புப் புகைக்குள் போய் மறைந்தன.

"தனுஷிகா, அக்காவோட கை விளங்கல்லையே. பின்னணிய மங்க வெச்சிருக்கீங்களா?" குழுத் தலைவர் ஜீவராஜ் கேட்டார்.

பின்னணியை மங்கலாக்காதீர்கள், கைகள் மறையும் என்ற அறிவுறுத்தலைத் தமிழில் எழுதி எல்லாருக்கும் அனுப்பியதே அவள்தான்.

"இல்ல சேர். சிக்னல் சரியில்ல. மழை."

வெளியே வெயிலடித்தது. ராசம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பூரணி திரையில் தன்னையே பார்த்தாள். திரும்பிச் சேலையைப் பார்த்தாள். மறுபடி திரை. கடைசியாகத் தங்கையின் முகம். தனுஷிகா குனிந்துகொண்டாள்.

பூரணி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கைகளைக் கன்னத்தருகே கொண்டுவந்தாள். அங்கே விரல்கள் தெரிந்தன. முகத்தின் அளவுக்குள் எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். உயரமான புருஷன் அவள் காதுக்குக் கீழே நின்றான். கடல், தாடைக்கும் தோளுக்கும் நடுவே அசைந்தது.

தனுஷிகாவின் விரல் மங்கலை நீக்கும் பொத்தானைத் தேடியது. அழுத்தினாள். தகரம், சாக்கு, ஆணியில் தொங்கும் சேலை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஜீவராஜ் மெதுவாக, "இப்ப நல்லா விளங்குது. அக்காவ தாராளமாப் பேசச் சொல்லுங்க" என்றார்.

தனுஷிகா கைகளை அகல விரித்துக் காட்டினாள். பூரணி அதைப் பார்த்தாள். தலையசைத்தாள். கன்னத்தை விட்டு விலகாத கைகளால், அதே சின்ன அசைவுகளில் புருஷனைப் பற்றித் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.