டாக்டர் நனைத்த படுக்கை

நாய்க்குட்டி வேண்டும் என்று அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதிரே ஒரு நாய் வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறவள் அவள். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வீட்டில் ஒரு தலைமுடி தரையில் கிடந்தாலும் அது யாருடையது என்று விசாரணை நடத்துவாள். முதுகுத்தண்டில் கட்டி என்று தெரிந்து, கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சு கேட்காமல் போன இரண்டாவது மாதத்தில் கேட்டாள்.

“கீழ வாட்ச்மேன் நாய் குட்டி போட்டிருக்காமே. ஒண்ணு வாங்கிட்டு வாடி.”

“யாருக்கு? உனக்கா?”

“நீ பாட்டுக்கு லைப்ரரிக்குப் போயிடுற. நான் எவ்வளவு நேரம்தான் சுவத்தோட பேசறது?”

நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. எனக்கு நடந்து, நிலைக்கவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட மட்டும் இடமுள்ள ஒரு பால்கனி. அக்கா அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய்வருவாள். பெட்பேன் வாங்கி வைக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். “ஆயிரம் பேருக்கு நான் வெச்சிருக்கேன். எனக்கு நீ வைக்க வேண்டாம்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாட்ச்மேன் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். “சிஸ்டர், இவன் கொஞ்சம் அவசரப் பேர்வழி. நின்ன இடத்துல போயிடுவான்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கூடத்தின் நடுவில் ஒரு சிறு குளம் தேங்கியது.

“முப்பது வருஷமா டாக்டருங்க என்னை விரட்டுனாங்க. இனிமே நான் விரட்டறேன்” என்றாள் அக்கா. “இவன் பேரு டாக்டர்.”

வாட்ச்மேன் சிரித்த சத்தத்தில் டாக்டர் பயந்து இன்னொரு முறை போனான்.

எதற்கும் ஒரு புத்தகம் இருக்கும் என்று நம்புகிறவள் நான். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் நாய் வளர்ப்பு பற்றி இருந்த ஒரே புத்தகத்தை என் பெயரிலேயே எடுத்துவந்தேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போய்விட்டால் உடனே தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கவே கூடாது. பழைய வாசனை இருந்தால் அங்கேயே திரும்பப் போகுமாம், அதனால் வினிகர் கலந்த தண்ணீரில் தரையைத் துடைத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று குறித்துவைத்தேன். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். எனக்கு வேலையும் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை மூன்று மாடி ஏறி இறங்கினேன். மதிய இடைவேளையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நூலகத்திலிருந்து ஓடிவந்தேன்.

“மேடம், நாயை நீங்க பழக்குறீங்களா, நாய் உங்களைப் பழக்குதா?” என்று வாட்ச்மேன் கேட்பார்.

மூன்று வாரத்தில் பழகிவிட்டது. அவசரம் வந்தால் கதவருகே போய் முனகும். கீழே மதிலோரத்துச் செடியின் அடியில் போய்விட்டு, பாராட்டுக்காக என் முகத்தைப் பார்க்கும். கூடம் காய்ந்தது, சமையலறை காய்ந்தது. ஓர் இடம் மட்டும் காயவில்லை. அக்காவின் படுக்கை.

“அடியே, வந்து பாரு. உன் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்ச லட்சணத்தை.”

காலையில் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் வரும். போய்ப் பார்த்தால் விரிப்பும் அவள் நைட்டியும் நனைந்திருக்கும். டாக்டர் அவள் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டிருப்பான். “என் மேலயே போயிட்டான், களவாணி” என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அதற்குள் நான் தாங்கிப் பிடித்தால்தான் அவளால் எழ முடிந்தது. அவளைப் புரட்டி, துணி மாற்றி, விரிப்பை அலசிப் போட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். முதல் வாரம் பொறுத்தேன். பிறகு, அடிக்கக் கூடாது என்ற பக்கத்தை மறந்தேன். பிடரியைப் பிடித்து இழுத்துவந்து, ஈரமான விரிப்பில் அதன் மூக்கை அழுத்தி, “இது என்ன? இது என்ன?” என்று கத்துவேன். முதுகில் ஒன்று வைப்பேன். அது காதுகளை மடக்கிக்கொண்டு, வயிறு தரையில் தேயக் கட்டிலுக்கடியில் போய்விடும்.

“விடுடி. வாயில்லாத ஜீவன். வேணும்னா பண்ணுது?” என்பாள் அக்கா. மாட்டிவிடுவதும் அவள்தான், வக்காலத்து வாங்குவதும் அவள்தான்.

அவள் கட்டிலருகே ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் மாத்திரைகள், ஒரு கைக்கடிகாரம், எப்போதும் முக்கால் டம்ளர் தண்ணீர். அது அவளுடைய வார்டுப் பழக்கம். அவள் பொறுப்பில் இருந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் முக்கால் டம்ளர் தண்ணீர் இருந்தாக வேண்டும். குடிப்பதற்கு வேறு பாட்டில் உண்டு. இது படுக்கையை நனைத்துவிட்ட நோயாளிக்காக. நர்ஸ் முதலில் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, “அடடா, தண்ணி கொட்டிடுச்சா?” என்று கேட்க வேண்டும். விரிப்பை மாற்றி முடிக்கிறவரை மழையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேச வேண்டும். “பெரிய அதிகாரி ஒருத்தர். ஆபீஸையே நடுங்க வெச்சவராம். டம்ளரைக் கவுத்ததும் குழந்தை மாதிரி சிரிச்சாருடி” என்று என்றோ ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு மறந்துபோனேன்.

மெத்தை நாறத் தொடங்கியது. வெயிலில் போட்டால் ஓரம்தான் காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

“என்னால முடியலக்கா. நாயை வாட்ச்மேன்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். என்னிடம் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“அதை மட்டும் பண்ணாதடி. அது போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

“அப்ப நான் யாரு?”

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஐந்து மாதமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரிவிடுகிற என்னைவிட நேற்று வந்த நாய் உசத்தியா என்று தோன்றியது. அந்தக் கோபத்தில்தான் கெடு வைத்தேன்.

“ஒரு வாரம். அதுக்குள்ள நிறுத்தினா இருக்கட்டும். இல்லைன்னா கீழதான்.”

அந்த வாரத்தில் மூன்று நாள் நனைந்தது. நான்காவது நாள் சாயந்தரம் டாக்டரைக் கீழே கூட்டிப்போனவள், திரும்பும்போது சங்கிலியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். “நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றேன். நிரந்தரமாகக் கொடுக்கும் எண்ணம் இல்லை. ஒரே ஒரு காலையாவது விரிப்பை அலசாமல் காபி குடிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மேலே வந்தபோது அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள். எழுப்பிச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“அடியே, வாடி! உன் டாக்டர் திரும்பவும் கைவரிசையைக் காட்டிட்டான்.”

அடுப்பை அணைத்துவிட்டுப் போய் வாசற்படியில் நின்றேன். நனைந்த விரிப்பை அவள் இரண்டு கையாலும் சுருட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். “பண்ணிட்டு எங்க போய் ஒளிஞ்சான் பாரு, திருட்டுப்பய. கட்டிலுக்கடியிலதான் இருப்பான்.” அவளால் குனிந்து பார்க்க முடியாது.

யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். வாய் முந்திக்கொண்டது.

“அவன் நேத்து சாயந்தரத்துலேருந்து கீழ இருக்கான்க்கா.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே எட்டியது. ஸ்டூல் மேல் முக்கால் டம்ளர் தண்ணீர் இருந்தது. என் கைக்கும் அதற்கும் இரண்டடி தூரம். அவளும் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கை நகரவில்லை. கீழே கேட் பக்கத்தில் டாக்டர் குரைத்தான். சன்னல் திறந்திருந்ததால் நன்றாகவே கேட்டது.

“அப்படியா” என்றாள் அக்கா.

விரிப்பை மாற்றினேன். அவள் வார்டில் சொல்வதுபோல, “இந்தப் பக்கம் மடி. இப்ப என்னைப் புரட்டு” என்று மட்டும் சொன்னாள். மழையைப் பற்றி ஏதாவது சொல்ல முயன்றேன். பாதியில் விட்டுவிட்டு மாற்று நைட்டியை எடுத்தேன். கடைசிப் பொத்தானைப் போட்டபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நாயை அங்கயே விட்டுடு. இனிமே எதுக்கு.”

நான் மூன்று மாடியும் ஓடி இறங்கி டாக்டரை அள்ளிக்கொண்டு வந்தேன். கூடத்தில் இறக்கிவிட்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தம் போட்டேன்: “திருட்டுப்பயலே, கதவு திறந்திருந்தா மேல வந்து பண்ணிட்டுக் கீழ ஓடிடுவியா? உனக்கு எத்தனை தடவை சொல்றது?” அது நடுங்கியது.

“அவனைத் திட்டாத” என்று உள்ளேயிருந்து வந்தது குரல். வார்டில் புது நர்ஸ்களை நிறுத்திவைக்கிற குரல். “அவன் ஒண்ணும் பண்ணல.”

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, சிறுநீர்க் குழாய் பொருத்த ஆள் அனுப்பச் சொன்னாள். அதன் பிறகு படுக்கை நனையவே இல்லை. டாக்டரை அவள் கட்டில் மேல் கூப்பிடவும் இல்லை. அது வாசற்படியில் படுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அவளும் நானும் மருந்து, கஞ்சி, சன்னல் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை அருகே போனேன். கேட்டால் அந்தக் காலையை மறுபடி அவள் முன்னால் வைக்க வேண்டும். இருபத்துமூன்று நாள் இப்படியே போயிற்று. இருபத்துநான்காம் நாள் மதியம், நான் நூலகத்தில் இருந்தபோது, அவள் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். படுக்கை நனைந்த ஒவ்வொரு நாளும், அடுத்த வரியிலேயே, காலை ஆறரை மணிக்கு டாக்டர் செடியடியில் நன்றாகப் போனான் என்று என் கையெழுத்தில் இருந்தது. படுக்கையில் போய்விட்டு வந்த குட்டிக்கு அங்கே போக என்ன மிச்சம் இருந்திருக்கும்? எழுதிய எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

டாக்டருக்கு இப்போது மூன்று வயது. வீட்டுக்குள் ஒரு சொட்டுப் போனதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை நான் கட்டில் விரிப்பை உருவும்போதெல்லாம், காதுகளை மடக்கிக்கொண்டு, வயிறு தேயக் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. நான் தரையில் உட்கார்ந்து, “ஒண்ணுமில்லடா, தண்ணி கொட்டிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறேன், பால் விலையைப் பற்றிப் பேசுகிறேன். வெளியே வர அரைமணி நேரம் ஆகிறது. சில நாள் அதற்கும் மேல்.