பதினேழாம் எண் கட்டு

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒட்டுக்கேட்டதும் இல்லை, கனவில் வந்ததும் இல்லை. நான் செய்த ஒரு காரியம்தான் இது. செய்த காரியத்தை வெளியே சொல்லத் துப்பில்லாதவன்தான் கதை எழுத உட்காருவான் என்கிறாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

கதையில் தாடிக்காரர் என்று ஒருவர் வருவார். அவர் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக அவருக்கு நான் சலுகை காட்டப் பார்ப்பேன். நீங்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஆனால் கதை அவரைப் பற்றியது இல்லை. ஒரு டிராயிங் டீச்சரைப் பற்றியது. (அவளை ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். மரியாதை வந்தது, ஆள் தள்ளிப் போய்விட்டாள். ‘அவள்’ என்றே எழுதுகிறேன். டீச்சர் மன்னிக்க வேண்டும். மன்னிக்க வேண்டியவற்றில் இது ஆகச் சின்னது.)

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

‘வானம் இருட்டிக்கொண்டு வந்த அந்தக் காலையில்…’ வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.

‘பதினாலு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் டிராயிங் டீச்சர். தனிமை என்னும்…’ இந்த ‘என்னும்’ வந்ததுமே பேனா நின்றுவிட்டது. ‘என்னும்’ போட்டு எழுதுகிற தனிமையெல்லாம் சுத்தப் பொய்.

இப்படி வைத்துக்கொள்வோம். டீச்சர் பஸ்ஸில் படக்கட்டை ஸீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தாள். கட்டில் இருபத்திரண்டு தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரியில் வரைந்தவை. ஒன்றின் கரி இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளுமே என்று இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு பழைய நியூஸ்பேப்பர் வைத்திருந்தாள்.

“ஏம்மா, அதை மேல ரேக்குல போட்டுட்டு உக்காரேன்” என்றார் கண்டக்டர்.

“இல்லைங்க, மடங்கிடும்.”

“நீ மடங்கினா பரவால்லையா?”

டீச்சர் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு சுலபமாக வந்தது. அவள் போய்க்கொண்டிருந்தது ‘ஓவிய, வடிவமைப்பு ஆசிரியர்களுக்கான தொழில்முறை ஆதரவு மற்றும் மேம்பாட்டு நாள்’ என்று சுற்றறிக்கையில் போட்டிருந்த கூட்டத்துக்கு. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆதரவு என்றால் டீ. மேம்பாடு என்றால் கடைசியில் எடுக்கிற குரூப் போட்டோ. நடுவில் நடப்பது என்னவோ மார்க் சரிபார்ப்பு. ஒரு பள்ளிக்கூடத்துப் படங்களை இன்னொரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பார்த்து, போட்ட மார்க் சரிதானா என்று சொல்லுவார்கள்.

ஆனாலும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், படம் பார்க்கத் தெரிந்த நாற்பது பேர் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். டீச்சருடைய பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. தலைமையாசிரியர் எந்தப் படத்தைக் காட்டினாலும், “நல்லாருக்கே டீச்சர், வராண்டால ஒட்டிடுங்க” என்பார். படத்தை அவர் தலைகீழாகப் பிடித்திருந்த நாளிலும் அதையேதான் சொன்னார். நன்றாக இல்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லாத இடம் அது. அதனால் பிள்ளைகள் போன பிறகு டீச்சர் படங்களுக்கு முன்னால் நின்று இரண்டு குரலில் பேசுவாள். “இங்க ஏன் இவ்ளோ இருட்டு?” என்று ஒரு குரல் கேட்கும். “வெளிச்சம் ஜன்னல் பக்கம்லேர்ந்து வருது சார்” என்று இன்னொரு குரல் பணிவாகப் பதில் சொல்லும்.

(இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது. என் பள்ளிக்கூடத்தில் நான் செய்கிற வேலை இது. என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.)

3

மேசைக்கு மூன்று பேர். எங்கள் மேசையில் டீச்சர், தாடிக்காரர், படிவங்களை நிரப்புகிற அமைப்பாளர் மேடம். பள்ளிக்கூடத்தின் பெயர் தெரியக்கூடாது என்று எல்லாக் கட்டிலும் பெயர்மேல் தாளை ஒட்டி, எண் போட்டிருப்பார்கள். ஒரு சட்டம் உண்டு. அவரவர் கட்டு அவரவர் மேசைக்கு வரக்கூடாது. தவறி வந்துவிட்டால் உடனே எழுந்து சொல்லிவிட வேண்டும். கட்டு வேறு மேசைக்குப் போய்விடும். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டையே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மேடம் பதினேழாம் எண் கட்டைப் பிரித்தாள். முதல் தாளுக்குக் கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பர் இருந்தது. டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

“மேடம், இது…” என்று ஆரம்பித்தாள்.

ஏன் அங்கேயே நிறுத்தினாள்? பயம் என்று முதலில் எழுதினேன். அடித்தேன். கூச்சம் என்று எழுதினேன். அதுவும் இல்லை. சொன்னால் கட்டு நாலாவது மேசைக்கோ ஐந்தாவது மேசைக்கோ போய்விடும். அங்கே யாரோ அந்தப் படங்களைப் பற்றிப் பேசுவார்கள், அது அவள் காதில் விழாது. பதினாலு வருஷத்தில் முதல்தடவையாகத் தன் பிள்ளைகளின் படத்தைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் பேசப்போகிறார்கள். ஐந்து நிமிஷம். கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவ்வளவுதான்.

“இது… நல்ல கரி” என்று மென்று முழுங்கினாள்.

4

தாடிக்காரர் இருபத்திரண்டு தாளையும் தரையில் பரப்பினார். (உட்கார்ந்து பார்க்க மாட்டார், நின்றுதான் பார்ப்பார். பெரிய மேதை.) எல்லாம் கை. மேசைமேல் வைத்த ஒரு இடது கை. அவர் இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், தாடியைத் தடவினார். டீச்சர் காத்திருந்தாள். மடிமேல் வைத்திருந்த கைப்பைக்குக் கீழே அவளுடைய இரண்டு கையும் இருந்தன.

“மேடம், சுண்டுவிரலைப் பாருங்க.”

“என்ன சார்?”

“நடுவுல வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க. இதுலயும். இதுலயும். இருபத்திரண்டு பசங்களுக்குமா விரல் கோணலா இருக்கும்? ஒரே ஆள் கை இது. டீச்சர் போட்டுக் குடுத்திருக்காங்க, பசங்க மேல கரியைப் பூசியிருக்காங்க.”

மேடம் வாயைப் பிளந்தாள். “அடேயப்பா! சார் கண்ணு கண்ணுதான். எனக்குத் தோணவே இல்ல பாருங்களேன்.”

(இங்கே ஒரு அடிக்குறிப்பு போடுகிற இடம். கோடுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு பிள்ளையின் கோடு நடுங்கியது, இன்னொரு பிள்ளை தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தது. அதையும் பார்த்தேன். ஆனால் ‘சார் கண்ணு கண்ணுதான்’ என்று என்னைப் பார்த்து ஒருவர் சொல்லி எத்தனை வருஷமாயிற்று! என் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குப் போர்டு எழுதத்தான் என்னைத் தேடுவார்கள். அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.)

சந்தேகம் என்று எழுதினால் இருபத்திரண்டு பேருக்கும் பூஜ்யம். பதினைந்து நாளுக்குள் அந்த மேசையில் இருந்தவர் யாராவது ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் மாறும். அந்த வகுப்பில் ஒரு பெண், இந்த மார்க்கை நம்பி டிசைன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். (இதுவும் கற்பனை. ஆனால் அப்படி ஒருத்தி இல்லாத வகுப்பை நான் பார்த்ததில்லை.)

5

முடிவு ஒன்று: டீச்சர் எழுந்து இடது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறாள். “நான்தான் மாடலா உக்காந்தேன். என் கையைப் பார்த்துதான் வரைஞ்சாங்க!” தாடிக்காரர் கண் கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். படித்துவிட்டு மனைவி கேட்டாள், “ஓ, கடைசில நீங்கதான் நல்லவரா?” கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: டீச்சர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் அழுகிறாள். இது எனக்கு வசதியான முடிவு. அவள் அழுதால் நீங்கள் அவளைப் பார்ப்பீர்கள், என்னைப் பார்க்க மாட்டீர்கள். இதையும் கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். படிவம் எடுக்க மேடம் அந்தக் கோடியில் இருந்த மேசைக்குப் போனாள். அப்போது டீச்சர் தன் இடது கையைக் கைப்பைக்குக் கீழிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். சுண்டுவிரல் நடுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. தாடிக்காரர் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் அந்தக் கை அசையாமல் இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருபத்தாறு வருஷம் டிராயிங் மாஸ்டர்.

அவளால் பேச முடியாது. பேசினால் சொந்தக் கட்டு என்று தெரிந்துவிடும், தள்ளுபடி. ஆனால் தாடிக்காரரால் முடியும். “மேடம், யாராவது ஒருத்தர் மாடலா உக்காந்திருக்கலாம். கோடெல்லாம் வேற வேற. சந்தேகம் வேண்டாம், எடுத்துடுங்க.” இவ்வளவுதான். அவளைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லியிருக்கலாம். மேடம் திரும்பி வர ஐம்பது அடி நடந்தாள். அத்தனை நேரமும் அவருக்கு இருந்தது.

“சார், இங்க ஒரு கையெழுத்து.”

போட்டார். போட்டேன்.

6

டீ வரிசையில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் உள்ளுக்குள் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சட்டம், பொறுப்பு, நடுநிலை என்று நல்ல கனமான வார்த்தைகள்.

“அது போகட்டும் சார்” என்றாள். “படம் எப்படி இருந்துச்சு?”

“எந்தப் படம்?” என்றேன்.

அவள் கொஞ்சநேரம் நின்றாள். நான் யோசிப்பதாக நினைத்திருப்பாள்போல. “டீ ஆறிடும், குடிங்க” என்றேன். தலையாட்டினாள். குரூப் போட்டோவுக்கு நிற்கவில்லை. கட்டை அலுவலகம் எடுத்துவைத்துக்கொண்டதால் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் இருந்திருக்கும்.

7

நாளையோடு பதினைந்து நாள் முடிகிறது.

அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மறுநாளே எழுதிவிட்டேன். நாலு வரி, பத்து நிமிஷம். இந்தக் கதைக்குத்தான் பன்னிரண்டு நாள் பிடித்தது. கடிதத்தை ஏன் அனுப்பவில்லை என்றால், அதில் ‘அந்தக் கையை நான் பார்த்தேன்’ என்று இருக்கிறது. பார்த்தேன் என்றால் எங்கே பார்த்தாய் என்பார்கள். டீச்சர் சொந்தக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது வெளியே வந்துவிடும். அவளைக் காப்பாற்றத்தான் சும்மா இருக்கிறேன் என்று…

“அப்ப அவங்களையே கேளுங்களேன்” என்றாள் மனைவி. “போன் இல்லாத ஊரா?”

இந்த மாதிரிக் கதைகளில், முடிவை வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டு நழுவுவது ஒரு வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அழகான ஒரு வாக்கியம்கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் பேச வேண்டியதை இன்னொருவர் தலையில் கட்டுகிற வேலைதான் அதுவும். வேண்டாம். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஒரு துண்டுத்தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உளறுவேன்:

‘மன்னிப்பு. முதலில் அது. கடிதத்தை அனுப்பலாமா, வேறு மாதிரி எழுதட்டுமா, கேட்க வேண்டும். பிறகு படங்கள். ஒன்பதாவது தாளில் கட்டைவிரலுக்குக் கீழே விழுகிற நிழலை என் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷத்தில் என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? பதினாலாவதில் மணிக்கட்டு சொதப்பல். நடுங்கின கோடு போட்ட பிள்ளையைத் திருத்திவிடாதீர்கள். அப்புறம் ஒரு சண்டை: அவரவருக்கு ஒரு கை இருக்கும்போது இருபத்திரண்டு பேரும் ஏன் உங்கள் கையையே போட வேண்டும்? இதை உட்கார்ந்து பேச வேண்டும்.’

காலை பதினோரு மணி. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன்.

“டிராயிங் டீச்சரா?” எடுத்தவருக்கு ஆச்சரியம். “அவங்களுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்களே. க்ளாஸ்ல இருக்காங்க. என்ன விஷயம்?”

“படம் விஷயமா.”

“எந்தப் படம்?”

“அவங்க புள்ளைங்க வரைஞ்சது. கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்.”

அவர் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போனை இடது காதில் அணைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்ப முடியாவிட்டால் கையெழுத்தைப் பாருங்கள், கோணிக்கொண்டு போகிறது. யாரோ ஸ்டூலை இழுக்கிறார்கள். ஒரு வகுப்பு முழுக்கச் சேர்ந்து எதையோ ஒப்பிக்கிறது. மணி அடித்து நிற்கிறது. இப்போது நடந்து வருகிற சத்தம். வேகமாக வருகிறாள். பன்னிரண்டு நாளில் முதல்தடவையாக எனக்குப் பயமாக இருக்கிறது.

“ஹலோ, டிராயிங் டீச்சர் பேசறேன். யாருங்க?”

பேனாவைக் கீழே வைக்கிறேன்.