மிக்கியோனின் துடுப்புவார்

என் தங்கை பிலின்னாவிடம் இதை நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் எனக்குக் கூழ் ஊற்றப் போவதில்லை.

ஆட்டாறு கடலில் விழும் இடத்து மணலில் எங்கள் ஏதென்ஸ் கப்பல்கள் அத்தனையும் ஏறி நின்றன. குறுகலான அந்தக் கடலுக்கு எதிர்க்கரையில் ஸ்பார்ட்டாக்காரன். நான்கு நாளாகக் காலையில் போய் அவனைச் சண்டைக்குக் கூப்பிட்டோம், அவன் அசையவில்லை. திரும்பி வந்து, சாப்பாடு தேடி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அந்தக் கரையில் கடை கண்ணி கிடையாது. செஸ்டோஸ் ஊருக்குத்தான் நடக்க வேண்டும். எந்தப் புத்திசாலி அங்கே நிறுத்தச் சொன்னானோ!

ஐந்தாம் நாளும் அதே கதை. கப்பல் காவல் மிக்கியோன் முறை. பிலின்னாவின் கணவன், துடுப்பில் எனக்குப் பக்கத்து ஆள். துடுப்பை முளையோடு கட்டுகிற தோல்வாரை அவரவர் இடுப்பில் சுற்றியிருப்போம். என்னுடையது அன்று காலைதான் அறுந்து போயிருந்தது.

“மாப்ள, உன் வாரைக் குடு. வெங்காயம் கட்டிக்கிட்டு வரணும்.”

“வார் இல்லாம நான் எதை வெச்சு மச்சான் துடுப்பைக் கட்டுவேன்? உன் தாடியை வெச்சா?”

“நாலு நாளா வராதவன் இன்னைக்கு வந்துடப் போறானாக்கும்! இதோ போயிட்டு வந்துடுறேன்.”

“குடிச்சிட்டு அங்கயே உக்காந்துடாத” என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தான்.

குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பொரித்த மீன் நன்றாக இருந்தது. வெங்காயக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினால், கடல் முழுக்க அவன் கப்பல்கள். எங்கள் கப்பல் அரைகுறை ஆட்களோடு தண்ணீரில் இறங்கி, ஒரு பக்கத் துடுப்பு மட்டும் விழ, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரால் ஒரு கப்பல் போய்விடாது. அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒரே பொழுதில் கப்பற்படை போனது, போரும் போனது. பிடிபட்டவர்களை எதிர்க்கரையில் வெட்டிப் போட்டார்கள். மிக்கியோனையும்.

செஸ்டோஸுக்கே திரும்பி ஓடிச் சிக்கிய எங்களை ஸ்பார்ட்டாக்காரன் கொல்லவில்லை. ஏதென்ஸுக்கே போகச் சொன்னான். தானியக் கப்பல் வரும் வழியை அடைத்துவிட்டு, ஊருக்குள் தின்னும் வாய்களை அனுப்பினான், பாவி. அப்படி ஒரு வாயாகத்தான் பிலின்னா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவள் முதலில் பார்த்தது என் இடுப்பில் சுற்றியிருந்த வாரை. அந்த வாருக்கு எண்ணெய் தடவி மடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

“அண்ணே, இது அவரோடதாச்சே. கடைசி வரைக்கும் அவர்கூட இருந்தியா?”

சொல்லியிருக்கலாம். அடுப்பில் கூழ் கொதிக்கும் வாசம் வந்தது. மூன்று நாள் பட்டினி.

“இருந்தேம்மா. கூடவே இருந்தேன்.”

அழுதாள். பிறகு பார்லிக் கூழை ஊற்றி, “அவர் பங்கு இது, நீ சாப்பிடு” என்று மிக்கியோனின் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். வெட்கங்கெட்டவன், வழித்துச் சாப்பிட்டேன்.

வாரை என்னிடம் வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டவள், தலை நிமிர்ந்தாள்.

“வெங்காய வாசம் அடிக்குதே, அண்ணே.”

கிண்ணம் காலியாக இருந்தது.